ஏணியை எடுத்தவள்

றாபியாவுக்கு அந்தக் குழியை முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால், மாட்டுப் பட்டிக்குப் பக்கத்தில், மண்ணுக்குள் புதைத்துக் கட்டிய செங்கல் அறை அது. உச்சியில் ஓர் ஆள் நுழையக்கூடிய வாய். அந்த வாயை ஒரு கொங்கிறீற் மூடியால் மூடி, சுற்றிவரக் களிமண் பூசியிருந்தார்கள். ஒரு பக்கத்தால் சாணத்தைக் கரைத்து ஊற்றினால் மறுபக்கத்தால் புளித்த கூழ் வெளியே தள்ளும். குழாய் வழியே கேஸ் குசினிக்கு வரும். கட்டிக் கொடுத்தவர்கள் 'உயிர்வாயு அலகு' என்று பலகையில் எழுதி நட்டுவிட்டுப் போனார்கள். ஊர் அதைச் சாணக் கேஸ் என்றது. றாபியா மட்டும் 'அது' என்பாள். "அது இண்டைக்குச் சத்தம் போடுது" என்று சொன்னால் வீட்டில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

இன்றைக்கு ஊர் அவளை 'ஏணியை எடுத்தவள்' என்கிறது. சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறது, அவ்வளவு மரியாதை மிச்சம் இருக்கிறது. என்ன நடந்தது என்று பாதி தெரிந்தவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். முழுதாகத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. அவள் பேசுவதில்லை.

எதையும் எளிதில் நம்பாத பிறவி அவள். அதற்குக் காரணம் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லாரும் வடக்கை விட்டு வெளியேற வேண்டும் என்று இயக்கத்தின் ஒலிபெருக்கி சொன்னபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்று வாப்பா சொன்னார். வீட்டைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டார். இரண்டு கிழமை இருபது வருடமானது. புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களுக்கு நடுவே அவள் பெரியவளானாள், நுஃமானைக் கட்டினாள், ஒரு மகனைப் பெற்றாள், வாப்பாவை மண்ணுக்குக் கொடுத்தாள். அதன் பிறகு, நிச்சயம் ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் அவளுக்கு அந்தச் சாவிதான் ஞாபகம் வரும்.

நுஃமான் நேர் எதிர். பயம் என்ற சாமான் அவருக்குப் படைக்கப்படவே இல்லை. இரண்டாயிரத்துப் பத்தில் முசலிப் பக்கத்துக்குத் திரும்பி வந்தபோது ஊர் எங்கே தொடங்குகிறது, காடு எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. சிலாவத்துறைக்கும் முள்ளிக்குளத்துக்கும் இடையில் அவர்களுடைய காணியை மரங்களை வைத்துத்தான் அடையாளம் பிடித்தார்கள். கிணறுகள் எல்லாம் இருபது வருடக் குப்பையும் பாம்பும் சேறுமாகக் கிடந்தன. அவற்றுக்குள் இறங்கித் துப்புரவாக்க ஆள் இல்லாதபோது நுஃமான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஏறக்குறைய நாற்பது கிணறு. அவருக்கு ஒரு முறை இருந்தது. வாளிக்குள் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி முதலில் அதை இறக்குவார். அடிவரைக்கும் விளக்கு நின்று எரிந்தால் இறங்குவார். அணைந்தால் வேப்பங் கொப்பைக் கட்டி இறக்கி, மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்கி, மறுபடியும் விளக்கை அனுப்புவார். ஒரு தடவைகூட அவருக்குத் தலை சுற்றியதாக யாரும் கண்டதில்லை. கிணறு என்றால் நுஃமான் நானா என்று ஊர் சொல்லும். அவரும் அதைக் கேட்டுக்கேட்டு நம்பிவிட்டார்.

பிறகு மாடுகள் வந்தன. ஒன்பது மாடு சேர்ந்ததும் குழியும் வந்தது. அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுக்க வங்காலையிலிருந்து பெற்றிசியா என்ற கால்நடை உத்தியோகத்தர் ஸ்கூட்டரில் வந்தாள். றாபியாவைவிட இருபது வயது இளையவள். படித்த திமிர் இல்லாத பிள்ளை, கதிரை கொடுத்தும் உட்காராமல் பட்டிக்குள் சாணத்தை மிதித்துக்கொண்டே விளக்கினாள்.

மாடு அசை போடும்போது ஏப்பமாக விடுவதும், வயல் சேற்றில் கொப்புளமாக வருவதும், கண்டல் சதுப்பில் காலை வைத்தால் புளுக்கென்று கிளம்புவதும், குப்பைமேட்டின் அடியில் வருடக்கணக்காகக் கனன்று கிடப்பதும் ஒரே கேஸ்தான் என்றாள். பெயர் மீதேன். காற்றுப் படாத இடத்தில் எது அழுகினாலும் அது பிறக்கும். மன்னார்க் கடலுக்கு அடியில் கப்பல் வந்து துளை போட்டுக் கண்டதும் அதன் வகைதான், அது கோடிக்கணக்கான வருடத்துக்கு முந்தி அழுகியது என்றாள். அந்தக் கடல் கேஸால் நாடு பணக்கார நாடாகப் போகிறது என்று ரேடியோவில் பேசியது றாபியாவுக்கு ஞாபகம் வந்தது. இன்று வரைக்கும் அது ஒரு கோப்பைத் தேத்தண்ணியைக்கூடக் கொதிக்க வைக்கவில்லை.

புல் காற்றிலிருந்து கரியை எடுக்கிறது, புல்லை மாடு தின்கிறது, மாட்டின் சாணம் குழிக்குள் கேஸாகிறது, கேஸ் அடுப்பில் எரிந்து திரும்பவும் காற்றுக்குப் போகிறது, அதைப் புல் மறுபடியும் எடுக்கிறது. எரிக்காமல் சும்மா வெளியே விட்டால், விறகுப் புகையில் வருவதைவிடப் பல மடங்கு கூடுதலாக வானத்தைச் சூடாக்கும். பெற்றிசியா கையால் வட்டம் போட்டுக் காட்டினாள். றாபியா அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப, வெளிய விட்டா வானத்துக்குக் கூடாது. உள்ள அடைச்சு வச்சா எங்களுக்குக் கூடாது. எரிக்கிற நேரம் மட்டுந்தான் அது நல்லது. அப்பிடித்தானே?"

பெற்றிசியா சிரித்துவிட்டு, அப்படித்தான் என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு விசயத்தை இரண்டு தரம் சொன்னாள். மூடியைத் திறந்தால் ஒரு கிழமைக்கு அதன் கிட்டப் போகக்கூடாது. உள்ளே ஒருவரும் இறங்கக்கூடாது. மீதேன் மேலே போய்விடும், ஆனால் அதோடு கூடப் பிறக்கிற வேறு கேஸ்கள் கனமானவை, அவை அடியிலேயே படுத்திருக்கும்.

"தப்பித் தவறி ஒருத்தர் விழுந்திட்டா, பின்னால இன்னொருத்தர் இறங்கவே கூடாதக்கா. முதல் ஆளை எடுக்கப்போன ரெண்டாவது ஆள்தான் எல்லா இடத்திலயும் செத்திருக்கு. கயிறு போட்டுத்தான் எடுக்கோணும்."

"புள்ளையா இருந்தாலுமா?"

"ஆரா இருந்தாலும்."

நுஃமான் பக்கத்தில்தான் நின்றார். முப்பது அடிக் கிணற்றுக்குள் இறங்கியவனுக்குப் பத்தடிக் குழியைக் காட்டிப் பயமுறுத்துகிறார்களே என்று அவருக்கு வேடிக்கையாக இருந்தது. அந்தப் பிள்ளை போன பிறகு அதைச் சொல்லியும் சிரித்தார். றாபியா சிரிக்கவில்லை.

நாலு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் இதில் கெட்ட விசயம். ஒன்றும் நடக்காத ஒவ்வொரு நாளும் நுஃமானுக்கு ஒரு சாட்சியாகச் சேர்ந்துகொண்டது. குழி வேளைக்குச் சாணம் தின்றது, நீல நெருப்பைத் தந்தது. ஒரு தடவை சுகவீனமாகி மருந்து ஊசி போட்ட மாட்டின் சாணத்தைப் போட்டதற்கு இரண்டு நாள் அடுப்பு அணைந்து கிடந்தது. அதிலிருந்து றாபியாவுக்கு ஒன்று விளங்கியது. அது இன்னொரு மாடு. வயிறு மட்டும் உள்ள மாடு. எதைக் கொடுக்கிறோம், எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு வந்தது. கஜானா வற்றிப்போன அந்த வருடத்தைப் பற்றி இந்த நாட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேஸ் சிலிண்டர் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, டீசல் இல்லை. படகுகள் கரையில் கிடந்தன. மகன் றிஸ்லான் இருபத்து நாலு வயது ஆம்பிளை, கடலுக்குப் போக வழியில்லாமல் வீட்டில் குந்தியிருந்தான். ஊரிலே தடை இல்லாமல் எரிந்த அடுப்பு றாபியாவின் அடுப்பு ஒன்றுதான். முதலில் பக்கத்து வளவு அஸாமின் மனைவி குழந்தைக்குப் பால் காய்ச்ச வந்தாள். பிறகு அந்த ஒழுங்கையில் இருந்த வீடு முழுவதும் வந்தது. பானையோடும் சட்டியோடும் பெண்கள் முறை வைத்து நின்றார்கள். நுஃமானுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நாற்பது கிணற்றுக்குப் பிறகு மறுபடியும் ஊர் அவரிடம் வந்திருக்கிறது. றாபியாவும் மனதுக்குள் சந்தோசப்பட்டாள், அதை மறைக்கவில்லை. பசித்த பிள்ளைக்குப் பால் காய்ச்சிக் கொடுக்கிற அடுப்பை யார்தான் குறை சொல்வார்கள்?

ஜூலையில் ஹஜ்ஜுப் பெருநாள். எவ்வளவு கஷ்டம் என்றாலும் குர்பான் நிற்கவில்லை, ஏழேழு பேராகச் சேர்ந்து ஊரில் பதினொரு மாடு அறுத்தார்கள். இறைச்சி வீடுவீடாகப் போனது. இரைப்பைக்குள் இருந்த அரைபட்ட புல்லும் குடலும் இரத்தமும் மிச்சம். மற்ற வருடங்களில் அதை ட்ரக்டரில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் நாய் கிளறாதபடி ஆழமாகக் குழி தோண்டித் தாழ்ப்பார்கள். இந்த வருடம் ட்ரக்டருக்கு டீசல் இல்லை.

அஸாம்தான் அந்த யோசனையைச் சொன்னான். மாட்டு வயிற்றில் இருக்கிறதும் சாணம்தானே, நானாவின் குழிக்குள் போட்டால் ஊரும் சுத்தம், கேஸும் இரட்டிப்பு. நுஃமானுக்கு அது பிடித்துவிட்டது. றாபியா குறுக்கே நின்றாள். போன வருடம் கறவை மாடு ஒன்று அவிழ்த்துக்கொண்டுபோய் நெல்லுச் சாக்கை முழுசாகத் தின்று, வயிறு ஊதி, விடியமுந்திச் செத்ததை ஞாபகப்படுத்தினாள். ஒரு நாளைக்கு நாலு வாளி தின்கிற வயிற்றுக்குள் பதினொரு மாட்டின் இரைப்பையைக் கொட்டினால் அது என்ன ஆகும் என்று கேட்டாள். அஸாம் தள்ளுவண்டியோடு வந்து நின்றுகொண்டிருந்தான். ஆள் நிற்கிற இடத்தில் மனைவி சொல்லைக் கேட்டுத் திருப்பி அனுப்புவது நுஃமானுக்கு முடியாத காரியம். பெருநாள் அன்று பின்னேரம் வரைக்கும் வண்டி வந்துகொண்டே இருந்தது.

மூன்று நாளைக்கு நெருப்பு முழ உயரம் எழும்பியது. பெண்கள் ஆச்சரியப்பட்டார்கள். நுஃமான் அவளைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். நாலாம் நாள் நெருப்பு மஞ்சளாகச் சுருங்கியது. மூடியைச் சுற்றியிருந்த களிமண் வெடித்து அந்த வெடிப்பில் நுரை கொப்பளித்தது. கூழ் வெளியே தள்ளுகிற வழி அடைத்துவிட்டது, ஊற்றுகிற வாயால் அது திரும்பி வந்தது. வளவில் மேய்கிற கோழிகள் அந்தப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை காலையில் அடுப்பைத் திறந்தபோது ஒன்றும் வரவில்லை. அஸாமின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் சட்டியோடு நின்றாள். நுஃமான் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

பெற்றிசியாவுக்குப் போன் எடுக்கச் சொன்னாள் றாபியா. எடுத்தார்கள். ஸ்கூட்டருக்குப் பெற்றோல் கிடைத்தால் திங்கட்கிழமை வருகிறேன், அதுவரைக்கும் எதையும் தொடாதேங்கோ என்று பெற்றிசியா சொன்னாள். திங்கட்கிழமை என்பது நுஃமானுக்கு வெகு தூரமாக இருந்தது. மூடியைத் திறந்து தடியால் கலக்கிவிட்டால் சரி, கச்சான் காற்று இந்த அடி அடிக்கிறது, எல்லாக் கெட்ட காற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும் என்றார். உள்ளே இறங்கமாட்டேன் என்றும் சொன்னார். அதைச் சொன்ன நேரம் உண்மையாகத்தான் சொன்னார் என்று றாபியா இன்றும் நம்புகிறாள். மாடுகளைக் குழிக்குப் பக்கத்துப் பட்டியில் வைத்திருக்க ஏலாது, அவள் அவற்றை வடக்குத் தரவைப் புல்வெளிக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

மூடியைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம் வளவெல்லாம் பரவியது என்று றிஸ்லான் பிறகு சொன்னான். வாப்பாவும் மகனும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நீளத் தடியால் கலக்கினார்கள். குர்பான் புல் எல்லாம் சேர்ந்து குழிக்குள்ளே கனத்த பாயாக இறுகிக் கிடந்தது. தடி அதற்குள் இறங்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நுஃமான் குழி வாய்க்குமேல் குனிந்தபடியே நின்றார். பிறகு துணியை அவிழ்த்து மூச்சை இழுத்துப் பார்த்தார். நாற்றம் இல்லை. துப்புரவாகிவிட்டது. கிணறாக இருந்தால் விளக்கு இறக்கியிருப்பார், கேஸ் குழிக்குள் நெருப்பை இறக்கினால் வெடிக்கும் என்று அவருக்குத் தெரியும், அந்தளவு புத்தி இருந்தது. விளக்குக்குப் பதிலாகத்தான் மூக்கை வைத்தார். பாயை வெட்ட அஸாம் வீட்டிலிருந்து நீளக் கத்தியை எடுத்து வரச் சொல்லி மகனை அனுப்பிவிட்டு ஏணியை இறக்கினார்.

றாபியா மாடுகளைக் கட்டிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். காற்று எதிரே அடித்தது. வேலியிலிருந்து குழிக்கு முப்பது பாகத் தூரம் இருக்கும், அங்கேயே அவளுக்கு நாற்றம் முகத்தில் அறைந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. பார்த்தால், குழி வாய்க்கு மேலே நுஃமானின் தலையும் தோளும் தெரிந்தன. காலைக் குழிக்குள் வைத்துவிட்டார்.

"இறங்காதேங்கோ, மணக்குது. இஞ்ச வரைக்கும் மணக்குது."

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு.

"எங்கயடி மணக்குது? அது எப்பவோ போயிட்டு."

இன்னும் இரண்டு படி இறங்கினார். கை ஏணியிலிருந்து தானாகக் கழன்றது. கத்தவில்லை. ஈர மண்ணில் மூட்டை விழுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

அந்த நாற்றம் கூடினால் மூக்கு செத்துவிடும், செத்த மூக்குக்கு எதுவும் மணக்காது, குழி சுத்தமாகிவிட்டது என்று ஆள் நினைத்துக்கொள்ளும். இதைப் பெற்றிசியா பிறகுதான் சொன்னாள். வேலியடியில் ஓடி வந்தவளுக்கு அதெல்லாம் தெரியாது. தனக்கு மணப்பது அவருக்கு மணக்கவில்லை என்பது மட்டும் தெரியும். அது போதுமாக இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். புல் பாய் அவரைத் தாங்கியிருந்தது. ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார், சட்டையின் முதுகு தெரிந்தது. இரண்டு படி இறங்கிக் கையை நீட்டினால் அந்தச் சட்டையைப் பிடித்துவிடலாம். அவ்வளவு கிட்ட. தொண்டைக்குள் இழுபடுகிற ஒரு குறட்டைச் சத்தம் அவரிடமிருந்து வந்தது.

ஒழுங்கையில் றிஸ்லானின் காலடி கேட்டது. ஓடி வருகிறான். றாபியா ஏணியை இரண்டு கையாலும் பிடித்து வெளியே இழுத்தாள். இழுத்து வேலிப் பக்கம் வீசினாள். எங்கிருந்து அந்தப் பெலன் வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

"வாப்பா எங்க? உம்மா, ஏணி எங்க?"

அவன் குழியைப் பார்த்தான். ஏணி இல்லாமலே குதிக்கப் போனான். அவள் விழுந்து அவனுடைய இரண்டு காலையும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவன் இழுத்தான், அவள் மண்ணில் இழுபட்டாள். அவன் அவளை அடித்தான். தலையில், தோளில், முதுகில், கத்திக் கத்தி அடித்தான். பெற்ற தாயை அடிக்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் விடவில்லை. கயிறு கொண்டு வாங்கோ, கயிறு கொண்டு வாங்கோ என்று மண்ணுக்குள் வாயை வைத்துக்கொண்டு கத்தினாள். மகன் போட்ட சத்தத்துக்குக் கீழே அந்தக் குறட்டையை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். விட்டுவிட்டு வந்தது. பிறகு நெடுநேரம் விட்டு ஒன்று வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

அஸாமும் இன்னும் நாலு பேரும் வந்து படகு நங்கூரத்தைக் கயிற்றில் கட்டி இறக்கி, நுஃமானின் இடுப்பு வாரில் கொளுவி இழுத்தார்கள். கால் மணித்தியாலம் எடுத்தது. ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லும்போது அவரை முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். அன்று பின்னேரமே அடக்கினார்கள்.

பழி சொன்னவர்களில் முதல் ஆள் அஸாம். புருசன் உள்ளே கிடக்க ஏணியை எடுத்து எறிந்தாளே, இரண்டு படிதானே, மகன் ஒரு இழுவையில் எடுத்திருப்பானே என்று பள்ளிவாசல் வாசலில் வைத்துச் சொன்னான். தள்ளுவண்டி யாருடையது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் அதைக் கேட்டால் குர்பான் கொடுத்த எழுபத்தேழு பேரும் தலையைக் குனிய வேண்டிவரும், ஏணியைப் பற்றிப் பேசுவது எல்லாருக்கும் லேசாக இருந்தது.

புருசனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் றாபியா உட்கார்ந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போக முடியாது. அந்த அறையின் யன்னல் குழியைப் பார்த்தபடி இருந்தது. ஆண்கள் அதன் வாய்க்கு மேல் பலகையைப் போட்டு, பலகைக்கு மேல் கல்லை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெற்றிசியா வந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்கள் செய்ததுதான் சரி என்று றிஸ்லானுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். மண்ணைப் போட்டு மூடிவிடலாமா என்று அவன் கேட்டதற்கு, வேண்டாம், அடியில் இருப்பது புளித்து முடியும்வரைக்கும் அது மாதக்கணக்காக வந்துகொண்டுதான் இருக்கும், கிட்டப் போகவேண்டி வந்தால்கூட ஒரு கோழியைக் கூட்டில் வைத்து இறக்கிப் பார்த்துவிட்டுப் போங்கோ என்றாள். றிஸ்லான் கேட்டுக்கொண்டான். தாயோடு பேசவில்லை. சாப்பாட்டை வாங்குவான், தண்ணி கொண்டுவந்து வைப்பான், முகத்தைப் பார்க்கமாட்டான். அவளுடைய தோளிலும் முதுகிலும் அவன் அடித்த இடங்கள் கறுத்து, பச்சையாகி, மஞ்சளாகி மறைந்தன. அவை மறையும்போது அவளுக்குக் கவலையாக இருந்தது. அவன் தன்னைக் கடைசியாகத் தொட்டது அதில்தான்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி மூன்று நாள் கழிந்திருக்கும். மத்தியானம். கச்சான் காற்று இன்னும் விடவில்லை. யன்னலால் பார்த்தபோது றிஸ்லான் குழியடியில் நின்றான். கல்லைத் தள்ளிவிட்டுப் பலகையை எடுத்தான். எழும்பி வாசலுக்கு வந்துவிட்டாள், இத்தாவும் மண்ணாங்கட்டியும். அப்போதுதான் அவனுடைய கையில் இருந்த கூட்டைக் கண்டாள். சிவப்புப் பேட்டுக்கோழி ஒன்று உள்ளே நின்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அவன் தூர நின்றுகொண்டு கயிற்றை விட்டான். வாய் அசைந்தது, எண்ணுகிறான். பிறகு கயிற்றை இழுத்தான்.

கூட்டைக் கொண்டுவந்து அவளுடைய காலடியில் வைத்தான். கோழி ஒரு மூலையில் கழுத்தை மடித்துக்கொண்டு கிடந்தது. கண் திறந்திருந்தது. வாசற்படியில் உட்கார்ந்தான்.

"இருவது எண்ண முந்தி விழுந்திட்டுது, உம்மா" என்றான்.

நாற்பத்து மூன்று நாளைக்குப் பிறகு அவன் சொன்ன முதல் உம்மா. றாபியா அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனுடைய தோள் குலுங்கியது. அவள் கையை வைத்தாள், அவன் தட்டிவிடவில்லை. இவ்வளவு நாளும், உங்களை உதறிவிட்டுக் குதிக்காமல் நான் வாப்பாவைச் சாகவிட்டேன் என்று இருந்தேன், குதித்திருந்தால் நானும் அங்கேயே கிடந்திருப்பேன் என்று அழுகையோடு அழுகையாகச் சொன்னான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"அப்ப, வாப்பாவும் உடனதானே உம்மா? நான் ஓடி வாறத்துக்கு முந்தியே முடிஞ்சிருக்கும். அவருக்கு ஒண்டும் தெரிஞ்சிராது. என்ன?"

றாபியா அவனுடைய கண்ணைப் பார்த்தாள். அதில் கேள்வி இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"ஓம் மகன்" என்றாள். "உடனதான். விழுந்ததோட சரி. ஒரு சத்தமும் வரயில்ல."

அவன் தலையை அவளுடைய மடியில் வைத்துக்கொண்டான். அவள் அவனுடைய காதைக் கையால் பொத்திக்கொண்டு அப்படியே இருந்தாள்.